இலவசமாகக் கொடுத்தார்கள், விலையைக் குறைக்கவில்லை: இமாட்டினிப் வழக்கு, 1998–2013

மருந்து விலை பற்றிப் பேசும் இடங்களில், ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் பற்றிய வழக்கைப் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்: நோவார்ட்டிஸ் என்ற பன்னாட்டு கம்பெனி கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் மறுத்தது, ஏழைகளுக்கு மருந்து கிடைத்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் கோப்பை முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். இத்தனை ஆண்டுகள் நடந்த வழக்கில், கம்பெனி கேட்ட விலை நியாயமானதா என்ற கேள்வியை ஏறக்குறைய யாருமே விசாரிக்கவில்லை. அந்தக் கேள்வி எங்கெங்கே நழுவியது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம். பொது ஆவணங்களில் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிறுவனங்களின் பெயர்கள் உண்டு. நோயாளிகள், அதிகாரிகள், நீதிபதிகள் ஆகியோரின் பெயர்கள் இல்லை.

பின்னணி

நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்பது ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உருவாகும் ஒரு புரதம், வெள்ளை அணுக்களைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்கிறது. மாறிப்போன அந்தக் குரோமோசோமை 1960-லேயே அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள், பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில், நோயின் காரணத்தைத் துலக்கும் வேலை நடந்தது. அதுவரை இருந்த சிகிச்சை ஹைட்ராக்சியூரியா, இன்டர்ஃபெரான், வசதியும் பொருந்தும் கொடையாளரும் அமைந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று.

இமாட்டினிப் அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் மூலக்கூறு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உருவானது. 1996-இல் இரு கம்பெனிகள் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனபோது இந்த மூலக்கூறும் அதன் கைக்கு வந்தது. 1998-இல் அமெரிக்காவில் நோயாளிகளிடம் முதல் சோதனை தொடங்கியது. 2001 மே மாதம் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதத்துக்கும் குறைவான பரிசீலனையில் அனுமதி தந்தது. அப்படி அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோயை, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வாழக்கூடிய நோயாக மாற்றிய மருந்து இது. இந்த வழக்கில் மருந்தின் அருமையை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இதைப் பெரும்பாலான நோயாளிகள் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும்.

இந்தியச் சட்டத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்கும் தர வேண்டியதாயிற்று. இடைக்காலத்தில் வந்த விண்ணப்பங்களை வாங்கி, திறக்காமல் பெட்டியில் வைத்திருந்தார்கள். நோவார்ட்டிஸின் விண்ணப்பம் 1998 ஜூலை 17 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் பெட்டிக்குள் போனது. அதில் கேட்டது இமாட்டினிப் என்ற மூலக்கூறுக்கான உரிமை அல்ல. அந்த மூலக்கூறுக்கு 1993-லேயே அமெரிக்காவில் விண்ணப்பித்தாயிற்று. அப்போதைய இந்தியச் சட்டப்படி அதற்கு இங்கே உரிமை பெற வழியில்லை. சென்னையில் கேட்டது, இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு.

கவனிக்கப்பட்டவை

முதலில் விலை. நோவார்ட்டிஸ் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்ற மருந்துக்கு மாதம் சுமார் ரூ.1,20,000. இந்திய கம்பெனிகளின் ஜெனரிக் மருந்து (அதே மூலக்கூறை வேறு கம்பெனிகள் தயாரித்து விற்பது) 2003 வாக்கில் சந்தைக்கு வந்தபோது மாதம் ரூ.8,000 முதல் ரூ.10,000 வரை. வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 400 மி.கி.; அதாவது 100 மி.கி. மாத்திரை நான்கு, மாதத்துக்கு 120. கணக்குப் போட்டால் ஒரு 100 மி.கி. மாத்திரை ஒரு பக்கம் ரூ.1,000, இன்னொரு பக்கம் ஏறத்தாழ ரூ.67 முதல் ரூ.83 வரை. ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் ஒரு பக்கம், 96 ஆயிரம் முதல் ஒரு லட்சத்து 20 ஆயிரம் வரை மறுபக்கம்.

இங்கே ஒரு குறிப்பு. ஜெனரிக் கம்பெனிகளும் தர்ம சத்திரம் நடத்தவில்லை. லாபம் பார்த்துத்தான் விற்றார்கள், கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த ரூ.8,000-மே எட்டாத தொகைதான். ஆனால் மூலக்கூறைத் தயாரித்து, அட்டையில் அடைத்து, கடை வரை கொண்டுவந்து, லாபமும் வைத்து விற்கக்கூடிய விலை எது என்பது அதனால் வெளியே தெரிந்துபோயிற்று. மீதி விலை தயாரிப்புச் செலவுக்கானது இல்லை என்பதில் அதன் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, இலவசத் திட்டம். 2002 முதல் நோவார்ட்டிஸ் இந்தியாவில் ஏழை நோயாளிகளுக்கு இந்த மருந்தை இலவசமாகக் கொடுத்துவந்தது. 2013-இல் கம்பெனி சொன்ன கணக்குப்படி சுமார் 16,000 பேர். கிளிவெக் சாப்பிட்ட இந்திய நோயாளிகளில் 95 சதவீதம். இதைக் கண்துடைப்பு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த 16,000 பேரின் உயிர் கண்துடைப்பு அல்ல. ஆனால் திட்டத்தின் வாசலை நெருங்கிப் பார்க்க வேண்டும். மருத்துவர் திட்டத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். குரோமோசோம் சோதனையில் நோய் உறுதியாகியிருக்க வேண்டும். வாங்கும் சக்தியும் இல்லை, காப்பீடும் இல்லை, செலவைத் திருப்பித் தர வேறு யாரும் இல்லை என்று காட்ட வேண்டும். யாருக்கு, எதுவரை, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் கொடுப்பவர் கையில்.

அந்த 95 சதவீதம் இன்னொன்றையும் சொல்கிறது. நூற்றில் ஐந்து பேர்தான் காசு கொடுக்கிறார்கள் என்றால், ரூ.1,20,000 என்ற விலை இந்தியாவில் வருமானம் ஈட்டுவதற்காக வைத்த விலையாக இருக்க முடியாது. பிறகு எதற்கு அந்த விலை? ஒரு நாட்டில் என்ன விலை என்று பார்த்து இன்னொரு நாடு பேரம் பேசும் உலகம் இது. இந்தியாவில் ரூ.10,000 என்று அட்டையில் அச்சடித்தால் அது மற்ற நாடுகளின் மேஜைக்குப் போகும். இலவசமாகக் கொடுத்தால் விலைப்பட்டியல் அப்படியே இருக்கும். இது என் ஊகம், கம்பெனியின் வாக்குமூலம் இல்லை. ஆனால் விலையைக் குறைக்காமல் முழுவதுமாக விட்டுக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு வேறு பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது, படிகம். பீட்டா வடிவம் நன்றாக ஓடும் தூள்; ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும்; வெப்பத்தில் நிலையாக இருக்கும். மாத்திரை தயாரிப்பவருக்கு இவை பெரிய வசதிகள். எலிகளில் செய்த சோதனையில், உப்பாக மாற்றாத இமாட்டினிப்பைவிட இது ரத்தத்தில் 30 சதவீதம் அதிகமாகச் சேர்ந்தது என்பதும் கம்பெனியின் வாதம்.

முடிவுகள், அவற்றின் காரணங்கள்

2003 நவம்பரில் கம்பெனிக்குப் பிரத்யேக விற்பனை உரிமை கிடைத்தது. விண்ணப்பம் பெட்டியில் காத்திருக்கும் காலத்துக்கான இடைக்கால ஏற்பாடு இது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நோவார்ட்டிஸ் ஜெனரிக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை தந்தது, மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. ஒரே மருந்து, ஒரே உரிமை, இரண்டு உத்தரவு. கோப்பு முழுவதிலும் நோயாளிகளை நேரடியாகத் தொட்ட முடிவு இதுதான் என்பது என் கருத்து. தடைக்கு உட்பட்ட கம்பெனியின் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு அடுத்த மாத அட்டை எங்கிருந்து வரும் என்பது திடீரென்று கேள்வியானது. ஆனால் வழக்கில் வாதியும் கம்பெனி, பிரதிவாதியும் கம்பெனி.

2005-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பொருளுக்குக் காப்புரிமை வந்தது, கூடவே 3(டி) பிரிவின் புதிய வடிவமும் வந்தது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருந்தால் ஒழிய, காப்புரிமை இல்லை என்பது அதன் சாரம். காப்புரிமை தருவதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்ற வழியும் திறந்தது.

அந்த வழியில் நுழைந்ததுதான் இந்த வழக்கின் திருப்பம். ஐந்து எதிர்ப்பு மனுக்கள் வந்தன. நான்கு, போட்டிக் கம்பெனிகளுடையவை. ஐந்தாவது, மும்பையில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தினுடையது. விலைதான் அவர்கள் பிரச்சினை. ஆனால் எங்களால் வாங்க முடியவில்லை என்று சொன்னால் காப்புரிமை அலுவலகத்தில் அது எடுபடாது. காப்புரிமைக்குத் தகுதி உண்டா இல்லையா என்ற விசாரணையில் விலைக்கு இடம் இல்லை. ஆகவே படிக வடிவம் புதியது இல்லை, பலன் கூடவில்லை என்று வேதியியல் பேசினார்கள். எட்டக்கூடிய கதவு எதுவோ அதைத் தட்டினார்கள். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து வழக்கு விலையைப் பற்றியதாக இல்லாமல் போய்விட்டது.

2005 டிசம்பரில் விசாரணை. 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகத்தின் உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தை நிராகரித்தார்: ஏற்கெனவே தெரிந்ததே, கண்டுபிடிப்புத் தன்மை போதாது, 3(டி)-யையும் தாண்டவில்லை. கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. உத்தரவை மட்டும் எதிர்க்காமல், 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்றும் வாதிட்டது. 'வழக்கைக் கைவிடுங்கள்' என்று பல நாடுகளில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். 2007 ஆகஸ்ட் 6 அன்று அந்த வாதம் தள்ளுபடியானது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தத்துக்கு 3(டி) முரணா என்பதைத் தீர்மானிக்கும் இடம் இது அல்ல என்றும் நீதிமன்றம் சொன்னது.

நிராகரிப்பு உத்தரவுக்கு எதிரான மேல்முறையீடு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்கு மாறியது. 2009 ஜூன் 26 அன்று வந்த அதன் முடிவு விசித்திரமானது. புதுமை உண்டு, கண்டுபிடிப்புத் தன்மையும் உண்டு, ஆனால் 3(டி)-இல் தோற்கிறது என்றது வாரியம். கூடவே, மாதம் ரூ.1,20,000 என்பதை எடுத்துச் சொல்லி, இந்த விலையில் ஏகபோகம் தருவது பொது ஒழுங்குக்கு எதிரானது என்று 3(பி) பிரிவையும் சேர்த்தது. இந்தக் கோப்பில் விலை, முடிவுக்கான ஒரு காரணமாக எழுதப்பட்ட இடம் இது ஒன்றுதான். சட்டப்படி அது உறுதியான காரணமா? எனக்குச் சந்தேகம். காப்புரிமைக் காலத்தில் விலை மாறலாம். இன்றைய விலையைக் காட்டி இருபது ஆண்டு உரிமையை மறுப்பது நிற்கும் வாதமாகத் தெரியவில்லை.

2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இறுதித் தீர்ப்பு தந்தது. மருந்து என்று வரும்போது பலன் என்றால் நோயைக் குணப்படுத்தும் பலன்தான் என்று அமர்வு வரையறுத்தது. தூள் நன்றாக ஓடுவதும் ஈரம் உறிஞ்சாததும் கிடங்குக்கு நல்லது, நோயாளிக்குக் கூடுதல் குணம் என்று ஆகாது. ரத்தத்தில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்வதால் குணம் கூடியது என்று நிரூபிக்கப்படவில்லை. ஒப்பிட வேண்டியது ஏற்கெனவே தெரிந்த இமாட்டினிப் மெசிலேட்டுடன், செய்யப்பட்ட ஒப்பீடோ உப்பாக மாற்றாத இமாட்டினிப்புடன்.

தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் இரண்டு. 2004 பிப்ரவரியில் ஒரு இந்திய கம்பெனி பிரிட்டனில் இமாட்டினிப் மெசிலேட் விற்க முனைந்தபோது, பழைய மூலக்கூறுக் காப்புரிமையிலேயே இந்த உப்பும் அடங்கும் என்று நோவார்ட்டிஸ் தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அங்கே அடங்கும் என்றவர்கள் இங்கே அடங்காது என்று வாதிட்டதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. இரண்டாவது, மருந்து வரும் பெட்டி. ஒவ்வொரு மாத்திரையிலும் மெசிலேட்டாக 100 மி.கி. இமாட்டினிப் என்று அச்சிட்டிருந்தது, பீட்டா படிகம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆயிரக்கணக்கான பக்க ஆவணத்துக்கு நடுவே நீதிபதிகள் மருந்துப் பெட்டியின் லேபிளைத் திருப்பிப் படித்திருக்கிறார்கள்.

சிறு மாற்றங்களுக்கெல்லாம் காப்புரிமை இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை என்பதையும் தீர்ப்பே தெளிவாகச் சொன்னது. செய்தித்தாள்கள் அந்த வரியை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

கம்பெனியின் வாதத்துக்கு உரிய இடம்

ஆய்வுக்குப் பணம் வேண்டும், தோற்கும் மூலக்கூறுகளின் செலவையும் ஜெயிக்கும் மூலக்கூறுதான் சுமக்க வேண்டும், லாபம் இல்லாமல் அடுத்த மருந்து வராது. இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. உப்பாக்கி, படிகமாக்கி, ஆண்டாண்டாகச் சோதித்துக் கொண்டுவர ஒரு கம்பெனி பணம் போட்டது. இது அரிய நோய், நோயாளிகள் குறைவு என்ற அச்சமும் அவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்தது.

ஆனால் இந்த வாதம் உண்மையானால் காலப்போக்கில் விலை இறங்க வேண்டும், இல்லை நின்ற இடத்திலாவது நிற்க வேண்டும். அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. 2001-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலராக இருந்த விலை 2012-இல் 92,000 டாலர் ஆனது. மருந்து அதே மருந்து. ஆய்வுச் செலவு முடிந்துபோன செலவு. நோயாளிகள் இறக்காமல் வாழ்ந்ததால் சாப்பிடுவோர் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. 2012-இல் மட்டும் உலக விற்பனை சுமார் 470 கோடி டாலர். 2013-இல், இந்த நோய்க்கே சிகிச்சை அளிக்கும் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் ஒன்றாகக் கையெழுத்திட்டு, இந்த விலைகள் நிலைக்கக்கூடியவை அல்ல, அறத்துக்கும் பொருந்தாதவை என்ற வகையில் ஒரு ரத்தவியல் இதழில் எழுதினார்கள். மருந்தை வளர்த்தெடுத்த ஆய்வில் முன்னணியில் இருந்தவரும் அதில் ஒருவர். வரவேற்க வேண்டிய குரல். ஆனால் மருந்து வந்து 12 ஆண்டுகள் கழித்து வந்த குரல்.

இந்தியக் கோப்பில், இந்த மருந்துக்கு உண்மையில் எவ்வளவு செலவானது, அதில் எவ்வளவு ஏற்கெனவே திரும்ப வந்துவிட்டது என்ற கணக்கை எந்த மன்றமும் முடிவுக்கு அடிப்படையாகக் கேட்டு வாங்கவில்லை. கேட்கும் அதிகாரம் அந்தப் பிரிவுகளில் இல்லை.

அடுத்து நடந்தவை

ஜெனரிக் மருந்து தடையின்றி விற்றது. காப்புரிமை கிடைத்திருந்தால் 2018 ஜூலை வரை ஏகபோகம் நீடித்திருக்கும். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க நோயாளிகளுக்கு ஜெனரிக் கிடைத்தது 2016 பிப்ரவரியில்தான். அதைக் கொண்டுபோனதும் ஒரு இந்திய கம்பெனி.

விலையை நேரடியாகக் கேட்ட வழக்கு இதற்கு இணையாக வேறொரு இடத்தில் நடந்தது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மருந்துக்கு பேயர் கம்பெனியின் விலை மாதம் ரூ.2,80,428. காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு எட்டும் விலையில் மருந்து கிடைக்கிறதா என்று வெளிப்படையாகவே கேட்கிறது. 2012 மார்ச் 9 அன்று மும்பையில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், எட்டும் விலை என்பதை முக்கியமாகப் பொதுமக்கள் பக்கமிருந்தே பார்க்க வேண்டும் என்று கூறி நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் மருந்தைத் தயாரித்து விற்க இன்னொருவருக்குத் தரும் அனுமதி) தந்தார். விலை ரூ.8,800, பேயருக்கு 6 சதவீத ராயல்டி, பின்னர் அது 7 சதவீதமானது. காப்புரிமை பேயரிடமே இருந்தது. கண்டுபிடித்தவருக்கும் பங்கு, நோயாளிக்கும் மருந்து. இந்தியா இதுவரை தந்த கட்டாய உரிமம் அது ஒன்றே.

மாற வேண்டியவை

இடைக்காலத் தடை கேட்கும் கட்டத்தில் நோயாளிகளின் தரப்பும் கேட்கப்பட வேண்டும். இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகும், தடையாணை ஒரே நாளில் வேலை செய்யும். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அதே விலையில் மருந்து தொடர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் உயிர்காக்கும் மருந்துக்குத் தடை தரக் கூடாது. இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

மருத்துவமனைகள் இலவசத் திட்டத்தில் சேரும்போது, திட்டம் நின்றால் ஏற்கெனவே சேர்ந்த நோயாளியின் நிலை என்ன என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வார்டில் நோயாளி காத்திருக்கும்போது இதையெல்லாம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அதனால்தான் இதை மருத்துவர் தலையில் போடாமல் நிர்வாகமும் அறநெறிக் குழுவும் கேட்க வேண்டும்.

கம்பெனிகளின் செலவுக் கணக்கை வெளியிட வைப்பது இப்போதைக்கு நடக்கும் என்று தெரியவில்லை. 2019 மே மாதம் உலக சுகாதார மாநாடு மருந்து விலை வெளிப்படைத்தன்மைக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆய்வுச் செலவை வெளியிடச் சொல்லும் பகுதி பேச்சுவார்த்தையில் நீர்த்துப்போனது. நம் நாட்டிலும் 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை உச்சவரம்பைத் தயாரிப்புச் செலவை வைத்துப் போடுவதில்லை, சந்தையில் உள்ள விலைகளின் சராசரியை வைத்துப் போடுகிறது. பல கம்பெனிகள் போட்டியிடும் மருந்துக்கு இது ஓரளவு உதவும். ஒருவர் மட்டுமே விற்கும் மருந்துக்கு அவர் வைத்த விலைதான் சராசரியும்.

3(டி)-யின் மேல் எல்லா நம்பிக்கையையும் வைக்க முடியாது என்பதற்கு இதே நோயிலேயே ஆதாரம் இருக்கிறது. இமாட்டினிப்புக்கு நோய் கட்டுப்படாமல் போகும் சிலருக்கு அடுத்த தலைமுறை மருந்து வேண்டும். அவற்றில் ஒன்றான டசாட்டினிப் புதிய மூலக்கூறு. பழையதன் படிக வடிவம் இல்லை. அதற்கு இந்தியாவில் காப்புரிமை கிடைத்தது. அதற்குக் கட்டாய உரிமம் கேட்டு மும்பை கம்பெனி ஒன்று விண்ணப்பித்தது. காப்புரிமை வைத்திருப்பவரிடம் முறைப்படி முதலில் பேசிப் பார்க்கவில்லை என்ற காரணத்தால் 2013 அக்டோபரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஏழாம் மாதம், முழு விசாரணைக்கு எடுக்கலாமா என்று பார்க்கும் முதல் கட்டத்திலேயே அது நிராகரிக்கப்பட்டது. விலை எட்டத்தக்கதா என்ற 84-ஆம் பிரிவின் கேள்விக்கு விசாரணை போகவே இல்லை. அந்தக் காப்புரிமை 2020 ஏப்ரலில் தன் முழுக் காலமும் முடிந்து காலாவதியானது.